ஒரு ஸ்டடிக்கு ஒரு கேள்வி: டிஜிட்டல் ஓவியத்தில் கை முன்னேற

போன வருடம் கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, வீசிக்கொண்டிருந்த நாட்களில் மண்டபம் தென்கடல் கரையை ஒரு பெரிய படமாக வரைந்தேன். ஐந்து வல்லங்கள் (நாட்டுப்படகுகள்), பின்னால் ஒரு தீவு, மேலே மேகம் என்று நான்கு நாள் உட்கார்ந்து நுரை நுரையாக வேலை செய்த படம். முடித்த கையோடு பக்கத்து வீட்டு மாமாவிடம் போனை நீட்டினேன். சின்ன வயதிலிருந்து கடலுக்குப் போகிறவர். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. ஆனா நங்கூரம் போட்டா வல்லமெல்லாம் காத்துக்கு மூஞ்சியக் குடுத்து ஒரே பக்கமாத்தானே நிக்கும், நீ ஏன் ஆளுக்கொரு பக்கமாத் திருப்பி விட்டிருக்க?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. ஐந்து வல்லத்தையும் ஐந்து வேறு நாளில் எடுத்த போட்டோக்களிலிருந்து கொண்டுவந்து சேர்த்திருந்தேன். காற்று எந்தப் பக்கம் என்ற கேள்வியே வரையும்போது எனக்கு வரவில்லை. அதுவரை கை சரியில்லை, பிரஷ் சரியில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குத்தான் கண் பார்க்கவில்லை என்பது புரிந்தது. கண்ணைப் பழக்க எனக்குத் தெரிந்து இரண்டு வழிகள் உண்டு. ஒன்று ஸ்டடி, அதாவது ஒன்றைத் தெரிந்துகொள்வதற்காக மட்டும் வரையும் பயிற்சிப் படம், இன்னொன்று அடுத்தவர் கண்ணைக் கடன் வாங்குவது. இரண்டையும் சேர்த்துச் செய்தால்தான் பலன். எப்படிச் செய்வது என்று எனக்குப் பயன்பட்ட விதத்தில் எழுதுகிறேன்.

கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். கம்ப்யூட்டர் இருந்தால் கிரிட்டா என்ற வரையும் மென்பொருள் போதும், அது முழுக்க இலவசம். போன் மட்டும்தான் என்றால் ஐபிஸ் பெயின்ட் போடுங்கள், விரலால்கூட ஸ்டடி செய்யலாம், எங்களோடு வரையும் பாம்பன் தம்பி ஒரு வருடம் விரலால்தான் வரைந்தான். ஐபேட் வைத்திருப்பவர்கள் புரோகிரியேட் பக்கம் போவார்கள், சரி. ஆனால் எந்தக் கருவியாக இருந்தாலும் இரண்டு விஷயங்களை முதலில் நிறுத்துங்கள்: திரையின் வெளிச்சம் தானாகக் கூடிக் குறைவது, இரவில் திரையை மஞ்சளாக்கும் வசதி. இவை ஓடிக்கொண்டிருந்தால் நீங்கள் கலக்கும் நிறம் ஒன்று, மறுநாள் காலையில் பார்க்கும் நிறம் இன்னொன்று. அரிச்சல்முனை வெயிலில் டேப்லெட்டைத் திறந்துவைத்து வரையவும் வேண்டாம். திரை மங்கித் தெரிவதால் கை தன்னாலேயே எல்லாவற்றையும் வெளிறவைக்கும், வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் சுண்ணாம்பு அடித்த மாதிரி இருக்கும். கரைக்குப் போகும்போது ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் எடுத்துப் போங்கள், டேப்லெட் வீட்டுத் திண்ணை நிழலில் இருக்கட்டும். உப்புக் காற்றும் மணலும் அதற்கு ஆகாது.

இனி ஸ்டடி.

படமும் ஸ்டடியும் ஒன்றல்ல. படம் அடுத்தவருக்குக் காட்ட, ஸ்டடி நாம் தெரிந்துகொள்ள. பலர் ஒரு நல்ல போட்டோவை எடுத்து, அதைப் பார்த்து மூன்று மணி நேரம் அச்சு அசலாக வரைந்துவிட்டு ஸ்டடி செய்தேன் என்கிறார்கள். என்ன தெரிந்துகொண்டாய் என்று கேட்டால் சொல்லத் தெரிவதில்லை. ஆகவே வரையத் தொடங்கும் முன் கேன்வாஸின் மூலையில் ஒரு கேள்வியை எழுதுங்கள். ஒன்றே ஒன்று. 'நிழலில் இருக்கும் வெள்ளைப் படகு எவ்வளவு இருட்டு?' 'பாம்பன் பாலத்தின் தூண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி தூரம் போகப் போக எப்படிக் குறைகிறது?' 'ஈர மணலும் காய்ந்த மணலும் எங்கே பிரிகின்றன?' இந்த மாதிரி. கேள்விக்குப் பதில் கிடைத்ததும் ஸ்டடி முடிந்தது. மிச்சம் அரைகுறையாகக் கிடந்தால் கிடக்கட்டும்.

நேரத்துக்கும் ஒரு வரம்பு வையுங்கள். எனக்கு நாற்பது நிமிடம். அதற்குமேல் போனால் கேள்வியை மறந்துவிட்டு மெருகேற்றத் தொடங்கிவிடுகிறேன். ஒரே ஒரு கடினமான வட்டப் பிரஷ், இரண்டு லேயருக்கு (ஒன்றின்மேல் ஒன்றாக வைக்கும் அடுக்குக்கு) மேல் இல்லை, ஸூம் செய்வதில்லை. ரெஃபரன்ஸையும் (பார்த்து வரையும் மூலப் படத்தையும்) ஸ்டடியையும் ஒரே அளவில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஒன்று பெரியதாகவும் மற்றது சிறியதாகவும் இருந்தால் அளவு ஏமாற்றிவிடும்.

முக்கியமான ஒன்று, ரெஃபரன்ஸிலிருந்து நிறத்தை நேரடியாக எடுக்கும் கருவியை வரையும்போது தொடாதீர்கள். கண்ணால் பார்த்து, இதுதான் என்று தோன்றும் நிறத்தை நீங்களே தேர்ந்தெடுங்கள். முடித்த பிறகு அந்தக் கருவியால் ரெஃபரன்ஸில் ஐந்து இடங்களைத் தொட்டு, உங்கள் நிறத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டமாக வைத்துப் பாருங்கள். எவ்வளவு விலகியிருக்கிறது, எந்தப் பக்கம் விலகியிருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான் இதைத் தொடர்ந்து இருபது ஸ்டடிகளுக்குச் செய்தபோது ஒரு பழக்கம் வெளியே வந்தது: கடலை எப்போதும் உண்மையில் இருப்பதைவிட அடர்த்தியான நீலமாகப் போட்டுக்கொண்டிருந்தேன். கடல் நீலம் என்று மனம் முன்கூட்டியே முடிவு செய்துவிட்டது, கண் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தது. நான் வைத்ததில் பாதி நீலம்கூடப் பல போட்டோக்களில் இல்லை, சாம்பலும் பச்சையும்தான் இருந்தன. உங்களுக்கு வேறு பழக்கம் இருக்கும், தோலை எப்போதும் ஆரஞ்சாக்குவது, நிழலை எப்போதும் கறுப்பாக்குவது என்று ஏதாவது ஒன்று. பத்து இருபது ஸ்டடியை வரிசையாக வைத்துப் பார்த்தால்தான் அது பிடிபடும்.

எதிலிருந்து தொடங்குவது என்றால், நிறத்தை விட்டுவிட்டு வெளிச்ச அளவிலிருந்து, அதாவது வேல்யூவிலிருந்து தொடங்குங்கள். மூன்றே சாயல்: ஒரு கறுப்பு, ஒரு சாம்பல், ஒரு வெள்ளை. கரையில் நின்று, கண்ணைப் பாதி மூடி, எதிரில் இருப்பதை இந்த மூன்றுக்குள் அடக்குங்கள். முதல் நாள் தலை சுற்றும். வெயிலில் இருக்கும் மணல் வெள்ளை, சரி. வெள்ளை பெயின்ட் அடித்த படகின் நிழல் பக்கம்? அது வெள்ளைதானே என்று மனம் சொல்லும், ஆனால் வெயில் மணலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அது சாம்பல். நிழலில் இருக்கும் வெள்ளை, வெயிலில் இருக்கும் மணலைவிட இருட்டாக இருக்கலாம் என்பதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிட்டால் உங்கள் படங்களில் வெயில் வரத் தொடங்கிவிடும். எனக்கு அப்படித்தான் வந்தது, அதற்கு முன்னால் மஞ்சளை அள்ளி அள்ளிப் பூசிப் பார்த்தும் வராத வெயில்.

வரைந்ததைச் சரிபார்க்க, எல்லா லேயருக்கும் மேலே ஒரு லேயரை முழுக்கக் கறுப்பாக நிரப்பி, அதன் பிளெண்டிங் மோடை, அதாவது கீழே இருப்பதோடு அது கலக்கும் விதத்தை, 'கலர்' என்று மாற்றினால் படம் கறுப்பு வெள்ளையாகத் தெரியும். ரெஃபரன்ஸையும் அதேபோல் மாற்றி அருகில் வையுங்கள். நிறத்தில் அழகாகத் தெரிந்த இடம் கறுப்பு வெள்ளையில் ஒன்றோடொன்று கலந்து கரைந்துபோனால் அங்கேதான் வேலை பாக்கி. கிரிட்டாவில் எம் விசையை அழுத்தினால் படம் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடவலம் திரும்பும், சாய்ந்த பாய்மரமும் கோணலான அடிவானமும் அப்போதே தெரிந்துவிடும். அடிவானம் கோணலாக இருந்தால் கடல் படத்தில் வேறு எதுவும் காப்பாற்றாது.

வேல்யூவில் கை பழகிய பிறகு நிறத்துக்கு வாருங்கள். நமக்கு இங்கே இருக்கும் வசதி வேறு ஊர்க்காரர்களுக்கு இல்லை, ஒரே தீவின் இரண்டு பக்கத்திலும் இரண்டு கடல். தனுஷ்கோடியில் ஆண்கடல் பெண்கடல் என்று சொல்லிக் காட்டுவார்கள். வரைகிறவர் அதோடு நின்றுவிடக் கூடாது. கச்சான் காலத்தில் தென்கடல் கொந்தளிக்கும், வடகடல் குளம் மாதிரி கிடக்கும். ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று வடக்கிலிருந்து திரும்பினால் வடகடல் கலங்கி எழும். எந்த மாதம் வரைகிறீர்கள் என்பது தண்ணீரின் நிறத்தையே மாற்றும்.

தண்ணீரை ஸ்டடி செய்யும்போது இதைக் கவனியுங்கள். காலடியில் இருக்கும் தண்ணீரை மேலிருந்து பார்க்கிறோம், ஆகவே அடியில் இருக்கும் மணலும் பாசியும் தெரிகின்றன. பார்வை தூரம் போகப் போகச் சாய்கிறது, தண்ணீர் கண்ணாடியாகி வானத்தைக் காட்டுகிறது. ஆனால் அலை இருக்கும்போது, தூரத்து அலைகளில் நம் பக்கம் சரிந்திருக்கும் முகம்தான் நமக்குத் தெரியும், அது அடிவானத்தை ஒட்டிய வெளிறிய வானத்தைக் காட்டாமல் அதற்கு மேலே இருக்கும் அடர்ந்த வானத்தைக் காட்டும். அதனால்தான் கடல் அடிவானத்தில் வானத்தைவிட ஒரு படி இருட்டாக, கோடு போட்ட மாதிரி நிற்கிறது. காற்றே இல்லாத விடியலில் வடகடல் பக்கம் போய் நின்றால் அந்தக் கோடு மறைந்து, வானமும் தண்ணீரும் ஒன்றாகி, நாட்டுப்படகுகள் அந்தரத்தில் தொங்குவதுபோலத் தெரியும். இந்த இரண்டையும் அடுத்தடுத்த நாளில் ஸ்டடி செய்யுங்கள். காரணம் தெரிந்துகொண்டு வரைந்தால் அடுத்த முறை ரெஃபரன்ஸ் இல்லாமலே கடல் வரும்.

படகின் நிழல் பக்கமும் அப்படித்தான். மேல் பகுதி வானத்தைப் பார்த்திருப்பதால் லேசாக நீலம் ஏறியிருக்கும், அடிப்பகுதியில் வெயில் மணலில் பட்டுத் திரும்பும் சூடான வெளிச்சம் இருக்கும். ஒரே நிழலுக்குள் குளிர்ச்சியும் சூடும். தங்கச்சிமடம் கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் ஒரு வத்தையை, அந்தச் சின்னப் படகை, வைத்தே இதற்கு பத்து ஸ்டடி செய்யலாம்.

போட்டோவை நம்பி மட்டும் இருக்காதீர்கள். சாயங்காலம் எடுத்த போட்டோவில் கேமரா வானத்துக்கு ஏற்றபடி வெளிச்சத்தை வைத்துக்கொள்கிறது, படகு வெறும் கறுப்பாகிவிடுகிறது. அதே இடத்தில் நின்ற உங்கள் கண்ணுக்குப் படகின் பச்சை பெயின்டும் எண்ணும் தெரிந்தன. அதனால்தான் நோட்டுப் புத்தகம். போட்டோ எடுங்கள், ஆனால் பக்கத்திலேயே பென்சிலால் ஒரு உள்ளங்கை அளவு படம் போட்டு 'படகின் நிழல் கறுப்பில்லை, ஊதா கலந்த பழுப்பு. மணலைவிட இரண்டு படி இருட்டு. காற்று தெற்கிலிருந்து' என்று எழுதிவையுங்கள். காற்றை எழுத நான் மறப்பதே இல்லை இப்போது.

பெரியவர்களின் ஓவியங்களைப் பார்த்துச் செய்யும் ஸ்டடியும் வேண்டும். கடற்கரைக்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது ஹோவாக்கின் சொரோயா, 1863 முதல் 1923 வரை வாழ்ந்த ஸ்பெயின் ஓவியர். வலென்சியா கரையில் மீன்பிடிப் படகு, பாய், நனைந்த பிள்ளைகள் என்று வரைந்து தள்ளியவர். அவருடைய வெள்ளைப் பாயில் வெள்ளை எவ்வளவு குறைவாக இருக்கிறது என்பதை மட்டும் கேள்வியாக வைத்துக்கொண்டு ஒரு ஸ்டடி செய்து பாருங்கள். பாய் மடிப்பு முழுக்க ஊதா, மஞ்சள், நீலம். பிரான்ஸ் ஓவியர் மோனே 1892லிருந்து 1894 வரை அங்கே ரூவான் நகரத் தேவாலயத்தின் முகப்பை வேறு வேறு நேரத்து வெளிச்சத்தில் 30க்கும் மேற்பட்ட ஓவியங்களாக வரைந்தார். அதை நாம் எடுத்துக்கொள்ளலாம்: பாம்பன் சாலைப் பாலத்தில் ஒரே தூணுக்குப் பக்கத்தில் நின்று, காலை ஏழு, நண்பகல், மாலை ஐந்தரை என்று ரயில் பாலத்தை மூன்று ஸ்டடி. பாலம் மாறாது, வெளிச்சம் மட்டும்தான் மாறும், ஆகவே வெளிச்சம் என்ன செய்கிறது என்று தனியாகத் தெரியும்.

நம் ஊரிலேயே ராமநாதபுரம் அரண்மனையின் ராமலிங்க விலாசம் இருக்கிறது. சேதுபதி மன்னர்கள் காலத்துச் சுவரோவியங்கள், ராமாயணக் காட்சிகளும் போர்களும் மன்னர் ஐரோப்பியரைச் சந்திப்பதும் சுவரெங்கும். அங்கே வெளிச்சம் நிழல் பாடம் கிடைக்காது. கிடைப்பது கோடும் அமைப்பும். தட்டையான நிறத்தை வைத்துக்கொண்டு, இத்தனை பேர் நிற்கும் கூட்டத்தில் மன்னர் எங்கே என்று கண் உடனே போய்விடுகிறதே, எப்படி? அதைக் கேள்வியாக எழுதிக்கொண்டு நோட்டோடு போங்கள். இவ்வளவு பக்கத்தில் இருப்பதை எங்கள் குழுவில் பாதிப் பேர் பார்த்ததே இல்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

இப்போது அடுத்தவர் கண்.

நாங்கள் நான்கு பேர். நான், கீழக்கரையில் ஒரு தோழி, உச்சிப்புளியில் ஒரு அண்ணன், பள்ளியில் படிக்கும் அந்தப் பாம்பன் தம்பி. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குந்துகால் பக்கம் கூடுவோம், முடியாத வாரம் போனில் படங்களை அனுப்பிக்கொள்வோம். நான்கு பேர் போதும், பத்துப் பேரானால் யாரும் யாருடைய படத்தையும் ஒழுங்காகப் பார்ப்பதில்லை.

'எப்படி இருக்கு?' என்று கேட்டு படத்தை நீட்டாதீர்கள். 'சூப்பர்' என்று வரும், அதை வைத்து எதுவும் செய்ய முடியாது. ஸ்டடியின் மூலையில் எழுதிய அதே கேள்வியை அப்படியே கேளுங்கள். 'படகின் நிழல் பக்கம் நிழலாகத் தெரிகிறதா, இல்லை வேறு பெயின்ட் அடித்த மாதிரித் தெரிகிறதா?' இப்படிக் கேட்டால் ஓவியமே தெரியாதவர்கூடப் பதில் சொல்வார். கூடவே ரெஃபரன்ஸையும் எவ்வளவு நேரம் எடுத்தது என்பதையும் அனுப்புங்கள். நாற்பது நிமிட ஸ்டடியில் கண் இமையைக் காணோம் என்று யாராவது சொன்னால் இருவருக்குமே நேர விரயம். பாதியில் காட்டுங்கள், முடித்த பிறகு காட்டினால் மாற்ற மனசு வராது.

அடுத்தவர் படத்தைப் பார்க்கும்போது, முதலில் படத்தைக் கட்டைவிரல் அளவுக்குச் சிறிதாக்கிப் பாருங்கள். அப்போது கண் முதலில் எங்கே போகிறது என்று சொல்லுங்கள். 'அந்தப் பச்சை வலையைக் குறை' என்று மருந்து எழுதுவதற்கு முன் 'எனக்குக் கண் முதலில் வலைக்குப் போகிறது, அந்த அம்மாவின் முகத்துக்குப் போகவில்லை' என்று நோயைச் சொல்லுங்கள். வரைந்தவருக்கு வலைதான் முக்கியமாக இருக்கலாம், அது நமக்குத் தெரியாது. படத்தின் மேலேயே ஒரு லேயர் போட்டுத் திருத்திக் காட்டுவது மிக நல்ல வழி, ஆனால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், பிரதியில் செய்யுங்கள், ஒரே ஒரு இடத்தை மட்டும் தொடுங்கள். படத்தையே மாற்றி வரைந்து கொடுத்தால் அவர் அதில் கற்றுக்கொள்ள எதுவும் மிச்சமிருக்காது.

கடுமையாகப் பேசுவதுதான் நேர்மை என்று சிலர் நினைக்கிறார்கள். கீழக்கரைத் தோழி முன்பு ஒரு வகுப்புக்குப் போனபோது, அங்கே எல்லோர் முன்னாலும் 'உனக்கு இது வராது' என்று ஒருவர் சொல்லிவிட்டார். இரண்டு மாதம் அவள் டேப்லெட்டைத் திறக்கவே இல்லை. அந்தப் படத்தை நான் பிறகு பார்த்தேன், தலை உடம்புக்குக் கொஞ்சம் பெரியதாக இருந்தது, அவ்வளவுதான். 'தலை பெரிதாக இருக்கிறது, உடம்பை எத்தனை தலை உயரத்துக்கு வைத்தாய் என்று அளந்து பார்' என்று சொல்லியிருந்தால் மறுநாளே சரியாகியிருக்கும். என்ன தவறு, எங்கே, எப்படிச் சோதிப்பது, இந்த மூன்றும் இல்லாத வார்த்தையை ஃபீட்பேக் என்று ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

ஆனால் கேட்கும்போது வாயைத் திறக்காதீர்கள். 'அது ஏன் அப்படி வைத்தேன் தெரியுமா' என்று விளக்கத் தொடங்கினால் எதிரில் இருப்பவர் மரியாதைக்காக நிறுத்திவிடுவார். எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள், ஒரு இரவு தூங்கி எழுந்து மறுநாள் பிரியுங்கள். மூன்று பேர் ஒரே இடத்தைக் காட்டினால் அங்கே கட்டாயம் ஏதோ தவறு இருக்கிறது, மூவரும் வேறு வேறு காரணம் சொன்னாலும்கூட. ஒருமுறை என் படத்தில் ஒருவர் கை நீளம் என்றார், ஒருவர் தோள் இறங்கியிருக்கிறது என்றார், மாமா 'வலை வெயிட்டே இல்லாத மாதிரி இருக்கு' என்றார். பார்த்தால் முதுகைத்தான் நேராக வரைந்திருந்தேன், கனமான வலையை இழுக்கிறவர் முதுகு அப்படி நிற்காது. முதுகை வளைத்ததும் கையும் தோளும் தானாகச் சரியாகின. ஒருவர் மட்டும் சொல்லும் ரசனை சார்ந்த கருத்தைக் கேட்டு வையுங்கள், உடனே மாற்ற வேண்டாம்.

ஓவியம் தெரியாதவர்களிடம், ஆனால் வரைந்த பொருளைத் தெரிந்தவர்களிடம் கட்டாயம் காட்டுங்கள். பாசி எடுக்கும் பெண்களை வரைந்தால் பாசி எடுக்கும் அக்காவிடம், உப்பளத்தை வரைந்தால் வாலிநோக்கத்தில் உப்பளத்தில் வேலை பார்த்தவரிடம். உச்சிப்புளி அண்ணன் பாம்பன் ரயில் பாலத்தை அருமையாக வரைந்திருந்தார், ஆனால் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் கோபுரங்களை வைத்துவிட்டு, நடுப்பகுதி இரண்டு கதவு மாதிரி மேலே பிரிவதாகப் போட்டுவிட்டார். அது 1914இல் திறந்த பழைய பாலத்தின் கதை. புதியதில் 72.5 மீட்டர் நீளத் துண்டு சாயாமல், படுத்தவாக்கிலேயே நேர் மேலே ஏறும். தூக்குவதைப் பலமுறை பார்த்த பாம்பன் தம்பிதான் பார்த்த உடனே சொன்னான். போட்டோக்களைக் கலப்பதில் வரும் தவறு இது, என் வல்லங்களும் அதே தவறுதான்.

கிடைத்த ஃபீட்பேக்கை அந்தப் படத்திலேயே திருத்திவிட்டு விட்டுவிடாதீர்கள். அதை அடுத்த ஸ்டடியின் கேள்வியாக மாற்றுங்கள். மாமா சொன்ன பிறகு ஒரு வாரம் தினமும் கரைக்குப் போய், நங்கூரம் போட்ட வல்லங்களை மட்டும், வெறும் கோடாக, காற்றுத் திசைக்கு ஒரு அம்புக்குறியோடு வரைந்தேன். அணியம் (படகின் முன்பக்கம்) எந்தப் பக்கம், அலை எந்தப் பக்கத்திலிருந்து வந்து மோதுகிறது, கரையோரத்தில் ஆழமில்லாத இடத்தில் கிடப்பவை மட்டும் ஏன் கொஞ்சம் திரும்பியிருக்கின்றன என்று முப்பதுக்கும் மேல் சின்னச் சின்ன ஸ்டடிகள். அப்புறம் பழைய படத்தைத் தொடாமல் புதிதாக வரைந்தேன்.

போன மாதம் மாமாவிடம் காட்டினேன். ஐந்து வல்லமும் ஒரே பக்கம் நிற்பதைப் பார்த்துத் தலையாட்டினார். பிறகு விரலால் பெரிதாக்கி, "கயிறு ஏன் கம்பி மாதிரி விறைச்சு நிக்கிது? அலை தூக்கி எறக்குறப்ப அது தொய்யணும்ல" என்றார். இந்த வாரக் கேன்வாஸின் மூலையில் அதைத்தான் எழுதி வைத்திருக்கிறேன்: அலை இறங்கும்போது நங்கூரக் கயிறு எவ்வளவு தொய்கிறது?